முதல் ஜோடி நடனம்: வால்ட்ஸா, ச்சா ச்சாவா, சல்சாவா, பச்சாட்டாவா?

லாஸ்பேட்டையில் இருக்கும் என் அண்ணன் மகள் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு வந்திருந்தாள். சாப்பாட்டு இலையில் உட்கார்ந்தபடியே, "அத்தை, நானும் ஜோடி டான்ஸ் கத்துக்கப் போறேன். சல்சால ஆரம்பிக்கட்டுமா, வால்ட்ஸ்ல ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டாள். நானும் என் வீட்டுக்காரரும் நாற்பதைத் தாண்டிய பிறகு இதில் இறங்கினோம். இப்போது 4 வருடம் ஆகிறது. அவளுக்குச் சொன்ன பதில் மாலை காபி வரை நீண்டுவிட்டது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பால்ரூம், லத்தீன் என்று போட்டிகளில் ஆடுவது மொத்தம் 10 நடனங்கள். வால்ட்ஸ், டாங்கோ, வியன்னா வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், குயிக்ஸ்டெப் ஆகிய ஐந்தும் பால்ரூம் பக்கம். ச்சா ச்சா, சம்பா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் ஆகிய ஐந்தும் லத்தீன் பக்கம். லத்தீன் என்றதும் எல்லோர் வாயிலும் வரும் சல்சா இந்தப் பத்தில் இல்லை, பச்சாட்டாவும் இல்லை. அவை இரண்டும் போட்டி மேடையை நம்பாமல், நாலு பேர் கூடும் இடத்தில் ஆடி வளர்ந்தவை. எந்த வகுப்பில் சேருகிறோம், அங்கே யாரோடு ஆடப்போகிறோம் என்பதெல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது. பத்திலும் முதல் நாளே தொடக்கூடாதவை என்று பாசோ டோப்ளே, குயிக்ஸ்டெப், சம்பா மூன்றையும் தயங்காமல் ஒதுக்குவேன். ஜைவ் உற்சாகமானது, ஆனால் முழங்காலைக் கேட்கும். மிச்சத்தில் தொடக்கக்காரருக்கு உண்மையாகவே பொருந்துவது வால்ட்ஸ், ச்சா ச்சா இரண்டும். வெளியே இருந்து சல்சா, பச்சாட்டா. ஆக நான்கு.

பிடியிலிருந்து ஆரம்பியுங்கள்

எது சுலபம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். எங்களோடு சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் நின்றுவிட்டார்கள். கால் வரவில்லை என்று நின்றவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் பிடி ஒத்துவராமல் நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, தாளம் அவ்வளவு சுத்தமாக வரும். மூன்றாவது வாரம் பச்சாட்டாவில் இன்னும் நெருங்கி நில்லுங்கள் என்றதும் முகம் மாறிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. இன்னொரு தம்பி மனைவியோடு வந்தான். ஜோடியை மாற்றி ஆடச் சொன்னதும் இருவருக்குமே பிடிக்கவில்லை. வெளியே சொல்லவும் தெரியாமல் நின்றுபோனார்கள். இவர்கள் யார்மேலும் தப்பில்லை. யாருடைய கையை எவ்வளவு நேரம், எவ்வளவு நெருக்கத்தில் பிடிக்க நமக்கு மனம் ஒப்பும் என்பதை முன்னாலேயே யோசித்திருந்தால் வேறு நடனத்தில் சேர்ந்து இன்றைக்கும் ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் வரும்.

அதனால் நான்கையும் முதலில் பிடியை வைத்தே பார்ப்போம்.

ஜோடியில் ஒருவர் நடத்துவார், மற்றவர் தொடர்வார். வால்ட்ஸில் ஆரம்பம் முதல் முடிவு வரை இருவரும் எதிரெதிரே நிற்கும் மூடிய பிடிதான். நடத்துபவரின் வலது கை தொடர்பவரின் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே இருக்கும். மறுபக்கம் கைகள் கோத்திருக்கும். போட்டி முறையில் விலா முதல் தொடை மேல்பகுதி வரை உடல் படும்படி நிற்பார்கள். கற்றுக்கொள்ளும்போது அது தேவையே இல்லை, ஒரு சாண் இடைவெளி விட்டுத்தான் நாங்களும் கற்றோம். ஆனாலும் பாட்டு முடியும் வரை அந்தப் பிடியை விட முடியாது. இன்று எல்லாவற்றிலும் கண்ணியமான நடனம் என்று பெயர் வாங்கியிருக்கும் இதே வால்ட்ஸை, 1816-இல் லண்டனில் அரச விருந்தொன்றில் ஆடியபோது ‘தி டைம்ஸ்’ பத்திரிகை அநாகரிகம் என்று கண்டித்து எழுதியது. வீட்டில் யாராவது முகம் சுளித்தால் எனக்கு இந்தச் செய்திதான் ஞாபகம் வரும்.

ச்சா ச்சா இதற்கு நேர் எதிர். பெரும்பாலும் கை நீட்டும் தூரத்தில் நின்று, இரண்டு கையாலோ ஒரு கையாலோ பிடித்து ஆடலாம். சில அடிகளில் கையையே விட்டுவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஆடுவார்கள். கூச்சம் உள்ளவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

சல்சா நடுவில் நிற்கிறது. மூடிய பிடியில் ஆரம்பித்தாலும் இடையில் காற்று போக இடமிருக்கும். சுற்றல்கள் வந்ததும் பிடி திறந்துவிடும். பச்சாட்டாவை இரண்டு கையையும் பிடித்து விலகி நின்றும் ஆடலாம், அதன் பழைய முறையில் அதற்கு இடம் உண்டு. ஆனால் இப்போது வகுப்புகளில் பரவியிருப்பது ‘சென்ஷுவல்’ என்ற நெருக்கமான முறை. எனவே பச்சாட்டா வகுப்பில் சேருமுன் எந்த முறை என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடனத்தின்மேலும் குறை இல்லை. டொமினிக்கன் குடியரசில் ஏழைகளின் பாட்டு என்று ஒதுக்கப்பட்டுக் கிடந்து, 2019-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது அது. நம் ஊரில் எத்தனையோ கலைகள் நடந்துவந்த பாதைதான்.

தாளமும் வேகமும்

அண்ணன் மகள் சின்ன வயதில் 6 வருடம் பரதம் கற்றவள். "தாளம் எனக்குப் பிரச்சனையில்ல அத்தை" என்றாள். உண்மைதான், ஆனால் தாளம் தெரிந்திருப்பதும் அந்த வேகத்தில் இன்னொருவரோடு எடை மாற்றுவதும் வேறு வேறு.

வால்ட்ஸ் மூன்று தட்டு. தகிட, தகிட என்று சொல்லிக்கொண்டே ஆடலாம், முதல் தட்டு அழுத்தம். நிமிடத்துக்கு 84 முதல் 90 தட்டுதான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அடி என்பதால் யோசிக்க நேரம் கிடைக்கிறது. ஆனால் நம் பாட்டுகளில் வரும் தகிட நடை பல சமயம் இதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். அதைப் போட்டு வால்ட்ஸ் ஆடப் பார்த்தால் மூச்சு வாங்கும், அது கிட்டத்தட்ட வியன்னா வால்ட்ஸ் வேகம். பொருத்தமான பாட்டைத் தனியாகத் தேடி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ச்சா ச்சா நான்கு தட்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 120. இரண்டு, மூன்று என்று இரண்டு நிதானமான அடி, அப்புறம் நான்காம் தட்டை இரண்டாக உடைத்து ஒன்றில் முடியும் ச்சா ச்சா ச்சா. அடிகளை எண்ணிப் பார்த்தால் இது மெதுவான நடனமே இல்லை. 2 நொடியில் 5 அடி விழுகிறது. ஆனால் அந்த மூன்று சின்ன அடியும் கொஞ்ச நாளில் தானாகவே ஓடும். யோசிக்க வேண்டியது மற்ற இரண்டு அடியில் மட்டும்தான். இது தற்செயலும் இல்லை. 1950களின் தொடக்கத்தில் கியூபாவில் என்ரிக்கே ஹொரின் என்ற வயலின் கலைஞர், மாம்போ என்ற நடன இசையின் ஒடிந்த தாளத்தில் ஆட முடியாமல் ஜனங்கள் திணறுவதைப் பார்த்து, அவர்கள் காலுக்கு எட்டும்படி இசையை மாற்றினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ச்சா ச்சா. ஆடத் தெரியாதவரை மனதில் வைத்து ஒருவர் அக்கறையாகச் செய்த வேலை என்பதாலேயே எனக்கு இந்த நடனத்தின்மேல் தனிப் பிரியம்.

சல்சாவை எட்டு எட்டாக எண்ணுவார்கள். ஒன்று இரண்டு மூன்று, நான்கில் நிறுத்தம். ஐந்து ஆறு ஏழு, எட்டில் நிறுத்தம். ஆதி தாளம் போட்டுப் பழகிய கைக்கு எட்டு எண்ணுவது சிரமமே இல்லை. சிரமம் வேகத்தில். 180 தட்டுப் பாட்டில் அந்த எட்டும் 3 நொடிக்குள் முடிந்துவிடும். வகுப்பில் நிதானமாக எண்ணிப் பழகிவிட்டு முதல் முறை நிஜமான பாட்டுக்கு ஆடும்போது, ரயில் கிளம்பிய பிறகு பெட்டியைத் தேடுவதுபோல் இருக்கும். இரண்டு மாதம் தாண்டினால் சரியாகிவிடும். அந்த இரண்டு மாதத்தைப் பொறுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

பச்சாட்டா நான்கில் மிக எளிதாகப் பிடிபடும். மூன்று அடி பக்கவாட்டில், நான்காவது ஒரு தட்டல், மறுபடி திரும்பு. முதல் நாளே ஒரு பாட்டு முழுக்க ஆடிவிடலாம். தப்பு வருவது அந்த நான்காம் தட்டில். கால் தரையைத் தொட வேண்டும், உடல் எடை அதில் இறங்கக்கூடாது. இறங்கிவிட்டால் அடுத்த அடிக்குக் கால் மாறிப்போய் எதிரில் இருப்பவர் பாதத்தை மிதிப்போம். பரதத்தில் தட்டடவு அடித்த கால்களுக்கு முழுப் பாதத்தையும் அழுத்தி வைக்கும் பழக்கம் இருக்கும், அதைக் கொஞ்சம் மறக்க வேண்டியிருக்கும் என்று அவளிடம் சொன்னேன். அரைமண்டியில் வெளிப்பக்கம் திரும்பிப் பழகிய பாதம் வால்ட்ஸில் நேராக இருக்க வேண்டும். அதுவும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

தரை, இடம், செருப்பு

வால்ட்ஸ் நகரும் நடனம். கூடத்தின் ஓரமாக, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் எல்லோரும் சுற்றி வருவார்கள். நம் வீட்டு ஹாலில் சோஃபாவையும் டிவி மேசையையும் நகர்த்தினாலும் மூன்றாவது அடியில் சுவர் வந்துவிடும். ஆனால் அதன் அடிப்படைச் சதுர அடிக்கு இடமே வேண்டாம். மொட்டை மாடியில் கோலமாவால் சதுரமாக நாலு புள்ளி வைத்தேன். முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, சேர். பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, சேர். ஆறு அடியும் அந்த நாலு புள்ளிக்குள் முடிந்துவிடும். நாங்கள் ஒரு மாசி மாதம் முழுக்க அதில்தான் நின்றோம். சல்சா, பச்சாட்டா, ச்சா ச்சா மூன்றும் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே ஆடுபவை, சின்ன ஹாலே போதும்.

மாடி சிமெண்ட் தரையில் சுற்றல் பழகாதீர்கள். ரப்பர் அடி சிமெண்டைப் பிடித்துக்கொள்ளும், உடல் திரும்பும், முழங்கால் திரும்பாது. எனக்கு ஒரு வாரம் படி ஏற முடியவில்லை. கிரானைட்டில் சாக்ஸோடு ஆடினால் இதற்கு நேர்மாறாக வழுக்கும். பழைய ஷூ ஒன்றை எடுத்துப்போய்ச் செருப்பு தைப்பவரிடம் அடியில் மெல்லிய தோல் ஒட்டித் தரச் சொல்லுங்கள். சொரசொரப்பான பக்கம் தரையில் படட்டும். ஆரம்பத்துக்கு அது தாராளம். வெள்ளிக் கடற்கரை மணலில் பழகினால் கால் பலப்படும் என்று ஒருவர் சொல்லி நாங்கள் போனோம். நடக்க நல்லது, நடனத்துக்கு உதவாது. பெண்கள் வால்ட்ஸுக்குப் புடவையில் போகாதீர்கள். தொடர்பவர் பாதி நேரம் பின்பக்கமாகத்தான் அடி வைக்கிறார், குதிகால் கரையில் மாட்டும். சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டால் போதும். நம் கடலோரப் புழுக்கத்தில் ஒரு மாற்று மேல்சட்டையும் துண்டும் கட்டாயம், சல்சாவுக்கு இரண்டாகவே எடுத்துப்போங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடியும் போகும், பஸ் பயணமும் போகும். முடிந்தால் தையில் ஆரம்பியுங்கள், மழைக்கு முன் எட்டு ஒன்பது மாதம் கையில் கிடைக்கும்.

வகுப்பா, தனிப்பாடமா, வீடியோவா

இதில்தான் நாங்கள் ஏமாந்தோம். புதுச்சேரியில் முதலில் சேர்ந்த இடத்தில் மூன்று மாதமும் ஒரே பாட்டுக்கு வரிவரியாக அசைவு சொல்லிக்கொடுத்தார்கள். இந்த வரிக்குச் சுற்று, அந்த வரிக்குக் கை தூக்கு. ஆண்டு விழாவில் மேடையேறினோம், கைதட்டினார்கள். அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் வேறொரு பாட்டைப் போட்டு "வா" என்று கை நீட்டினார். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். ஒரு அடிகூடச் சேர்ந்து வைக்கத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது.

ஜோடி நடனத்தின் உயிர் மனப்பாடத்தில் இல்லை. ஒருவர் நடத்த, மற்றவர் அதை உணர்ந்து தொடர வேண்டும். வகுப்பில் இதை லீட், ஃபாலோ என்பார்கள். அது வந்துவிட்டால் முன்பின் கேட்காத பாட்டுக்கும் ஆடலாம். அதனால் சேருமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். முதல் வகுப்பிலேயே லீட், ஃபாலோ சொல்லித்தருவார்களா, வகுப்பு முடிவில் தெரியாத பாட்டுக்கு ஆடவிடுவார்களா, ஜோடி மாற்றுவார்களா, மாற்ற விரும்பாதவர்களை விட்டுவிடுவார்களா என்று கேளுங்கள். இந்த நாலுக்கும் தெளிவான பதில் வராத இடம் மேடை நிகழ்ச்சிக்குத் தயார் செய்யும் இடம். அது ஒருவகைச் சந்தோஷம், ஆனால் நீங்கள் தேடிப்போனது அது இல்லை.

தனியாகப் போகிறவருக்குக் கூட்டு வகுப்புதான் சரி. பத்துப் பேரோடு ஆடினால் பத்து விதமான கை பழகும், யார் நடத்தினாலும் புரியும். கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு மாதம் இரண்டு தனிப்பாடம், மிச்ச நாள் வீட்டில் பயிற்சி என்பது நல்ல வழி. ஒரு மணிக்குச் செலவு அதிகம்தான், ஆனால் கடலூரிலிருந்து கன்னியகோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாக வாரம் மூன்று முறை பஸ்ஸில் போய்வரும் அலுப்பை மிச்சம் பிடிக்கும். வீடியோவைப் பார்த்து அடி கற்கலாம், தாளம் கற்கலாம். பிடியைக் கற்கவே முடியாது. அழுத்தம் எவ்வளவு என்பது கைக்குத்தான் தெரியும்.

பெண்களுக்கு ஒன்று. வகுப்பில் ஆண்கள் குறைவாக இருந்தால் காத்து உட்காராதீர்கள், நடத்தவும் கற்றுக்கொள்ளுங்கள். நடத்துவது ஆண், தொடர்வது பெண் என்பது பழக்கம் மட்டுமே. கோலாட்டத்தில் எதிரில் யார் வந்தாலும் கோலைத் தட்டிவிட்டு நகர்வோம் இல்லையா, அப்படித்தான். நான் இப்போது ச்சா ச்சாவில் இரண்டும் செய்வேன்.

யாருக்கு எது

சேர்ந்து ஆட வீட்டிலேயே துணை இருக்கிறது, வெளியாரோடு ஆட விருப்பமில்லை என்றால் ச்சா ச்சாவில் ஆரம்பித்து, நாலைந்து மாதம் கழித்து வால்ட்ஸுக்கு வாருங்கள். வால்ட்ஸ் முதுகையும் கழுத்தையும் நேராக்கும், நடத்துவதைப் பிசிறில்லாமல் சொல்லித்தரும். முதல் நடனமாக எடுத்தால் மட்டும் பொறுமையைச் சோதிக்கும்.

துணை இல்லை, வேறு ஊர் போனாலும் ஆட வேண்டும் என்றால் சல்சா. சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் ஆடுபவர்கள் கூடும் இரவுகளில் சல்சாவும் பச்சாட்டாவும்தான் அதிகம் ஓடும். யாரையும் தெரியாமல் போய் நின்றாலும் ஆட ஆள் கிடைக்கும். சல்சாவின் வேகம் பயமுறுத்தினால், விலகி நின்று ஆடும் பச்சாட்டாவை முதல் மாதம் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பச்சாட்டாவோடு நின்றுவிடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதல் நாளே வந்துவிடுவதால் காலைச் சரியாக வைக்கப் பலரும் அக்கறைப்படுவதில்லை.

வயதானவர்களுக்கு, முழங்கால் தொந்தரவு உள்ளவர்களுக்கு எந்த யோசனையும் வேண்டாம், வால்ட்ஸ்தான். புதுச்சேரியில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சொல்தா தாத்தா, எழுபது தாண்டியவர், பாட்டியைக் கை பிடித்து அழைத்துவந்தார். பெரிய அடி ஒன்றும் இல்லை. அந்தச் சதுர அடியும், மெதுவாக ஒரு திருப்பமும். பாட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தாத்தா கை சொன்ன பக்கம் கால் போனது. மூன்று நிமிடம். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்த மாதமே நாங்கள் வகுப்புத் தேடினோம்.

அண்ணன் மகளுக்கு மருத்துவமனையில் மாறி மாறி ஷிப்ட், ஆட நிலையான துணை இல்லை, நாளைக்கு வேலை எந்த ஊரில் என்பதும் தெரியாது. அதனால் சல்சா என்றேன். வகுப்புக் கிடைக்கும் வரை ஞாயிறுதோறும் என்னோடு ச்சா ச்சா. அன்றைக்கே மாடிக்குப் போய் நான் நடத்த அவள் ஆடினாள், அரை மணியில் சிரிக்க ஆரம்பித்தாள். இறங்கி வரும்போதுதான் மெதுவாகக் கேட்டாள், "அம்மாகிட்ட என்ன சொல்றது அத்தை?" முதல் வகுப்புக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ, ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கட்டும் என்றேன். ராத்திரி அண்ணிக்கு நானே போன் செய்து பிடி, தூரம், ஜோடி மாற்றுவது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீயும் வர்றதா இருந்தா வர்றேன்" என்றார். வருகிற சனிக்கிழமை மூவரும் போகிறோம்.